முன் பல்லில் தங்கம்

என்னோடு படித்தவர்களே, இருபத்தெட்டு வயதில் பழைய கதை எழுத உட்கார்ந்தவளைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பகலெல்லாம் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திவிட்டு, சாயங்காலம் சாய ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று வீடு திரும்புகிறவளுக்கு இருபத்தெட்டு என்ன, ஐம்பது என்ன. போன மாதம் நம்மில் ஒருத்தி வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் கூடியிருந்தோமே, அப்போது பந்தியில் என் பக்கத்தில் இருந்தவள் விளையாட்டாகக் கேட்டாள்: "உங்க அப்பா தங்கப் பல்லு வந்த திமிருலதானே நாயனத்தையே விட்டாரு?"

அவள் மீது எனக்குக் கோபமில்லை. சிராங்கூன் ரோட்டில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அன்று நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன். பந்தியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது.

அப்பா நாகசுரக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதும் தெரியும். அதை நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும் வராது. பால் பல் விழுவதற்கு முன்பே அவர் கையில் நாயனத்தைக் கொடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெரிய வித்துவான்களுக்கு அருகில் இரண்டாம் நாயனமாக நின்று வாலிபத்தைக் கழித்தார். தனியாக மேளம் சேர்க்கும் வயது வந்தபோது அவருக்கு அங்கே இடமில்லை. கோயிலுக்கு ஒரு பரம்பரை, பரம்பரைக்கு ஒரு கோயில் என்று எல்லாம் முன்பே பங்கு போட்டு முடிந்திருந்தது. சிங்கப்பூரில் ஒரு கும்பாபிஷேகத்துக்கு மேளம் வேண்டும் என்று ஆள் தேடி வந்தார்கள். தவில் அடிக்கிற தம்பியைக் கூட்டிக்கொண்டு அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். கும்பாபிஷேகம் முடிந்ததும் கோயில்காரர்கள் இருக்கச் சொன்னார்கள். இருந்துவிட்டார். பிறகு அம்மாவை வரவழைத்தார். நான் இங்கே பிறந்தவள்.

அப்போது நாங்கள் ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தோம். கீழே தேங்காய்நார்க் கயிற்றின் வாடை. கிழக்குக் காற்று அடித்தால் கால்வாய்க் கரை ஆலையிலிருந்து அன்னாசி வேகிற வாடை. எருமைக் கொட்டில் பக்கமிருந்து வருகிற வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளுக்கும் அது வந்தது. காலையில் அப்பா ஒரு பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்துச் சீவாளிகளை நனைப்பார். சீவாளி என்பது நாயனத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டு. இந்த ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் பூத்துவிடும். நல்லதாக ஒன்று அமைந்தால், அம்மா தன் பவளத்தைப் பத்திரப்படுத்துவது போல அப்பா அதைத் துணியில் பொதிந்து வைப்பார். பெரிய யுத்தம் வருவதற்கு முன்பு, நாம் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம் அது.

அந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கோயிலில் தோடி வாசித்தார். நான் தூணடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோடியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. படித்துக்கொண்டிருந்த வாய்ப்பாடு எங்கேயோ நின்றுபோனது மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்தில் குடையும் கையுமாக ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி நின்றிருந்தார். துறைமுக ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அதே தூணடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், வாசிப்பு முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுவார். அன்று அவர் வெகுநேரம் போகவில்லை.

அன்று இன்னொருவரும் கேட்டார். எண்ணெய்க்கடை முதலாளி. கோயில் நிர்வாகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நல்ல மனிதர், இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரே எங்கள் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கத் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"வித்துவானே, உமக்கு இந்த ஊர் என்ன செஞ்சிருக்கு?"

"சோறு போடுதுங்க மொதலாளி."

"சோறு நாய்க்கும் போடுது. நம்ம பக்கத்துல இப்படி வாசிச்சா கையில தங்கத் தோடா போடுவான், சாதராச் சால்வை போர்த்துவான். இங்க நாங்க மனுசனா? ஒரு மரியாதை செய்யணும்னு ராத்திரி முடிவு பண்ணிட்டேன்." அவர் வாயைத் திறந்து தம் மேல்வரிசையைக் காட்டினார். இரண்டு பல் மஞ்சளாக மின்னியது. "உமக்கு ஒண்ணு. என் செலவு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தவில் சித்தப்பா சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாளில் ஜாலான் புசாரில் கால் ஊன்றிய ஆளுக்கு அடையாளம் தங்கப் பல்தான். தவ்க்கே என்கிற சீன முதலாளிகள் போட்டார்கள், அதைப் பார்த்து நம் கடைக்காரர்களும் போட்டார்கள். முதலாளிக்கு அதற்குமேல் ஒரு மரியாதை தெரியவில்லை.

"மோதிரமா செஞ்சு போடலாமே மொதலாளி," என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"மோதிரம் தொலையும். சங்கிலி அடகுக்குப் போகும். பல்லு அப்படியா தாயி? சாகிற வரைக்கும் கூடவே இருக்கும்."

அவர் போன பிறகு அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஊதுற வாயில போய் ஒண்ணை வச்சுக்குவாங்களா? வேண்டாம்னு சொல்லுங்க."

"சீவாளியைப் பிடிக்கிறது உதடு, புள்ள. பல்லு சும்மா பின்னாடி நிக்குது."

"சும்மா நிக்கிறதை சும்மா விட வேண்டியதுதானே?"

சித்தப்பா இடையில் புகுந்தார். "விடுங்க அண்ணி. இனிமே அண்ணன் கொட்டாவி விட்டாக்கூடத் தெருவே வெளிச்சம்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முதலாளியின் மனம் நோகக் கூடாது என்பதற்காக மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அவருக்கு ஆசை இருந்தது. ஊரில் அவரோடு நின்றவர்களுக்கெல்லாம் கழுத்திலும் கையிலும் ஏதாவது ஏறியிருக்கும். அவருக்கு அதுவரை யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை.

பல் கட்டுகிற சீனர் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதற்காக. கடைவாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மெழுகில் செய்த வாய் ஒன்று பல்லெல்லாம் தெரியத் திறந்திருக்கும். நாம் பள்ளிக்கூடம் போகும்போது பயந்துகொண்டே பார்ப்போமே, அதே கடைதான்.

"சக்கிட்?" என்று கேட்டார் சீனர். வலிக்கிறதா என்று.

"தா சக்கிட்," என்றேன். வலி இல்லை.

அவர் அப்பாவையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல பல்லை என்ன செய்வது என்றார்.

"நல்ல பல்லுக்குத்தான் போடணும்னு சொல்லு பாப்பா," என்றார் முதலாளி. "சொத்தைப் பல்லுக்கா கிரீடம் வைப்பாங்க? முன்னாடி, நட்டநடுவுல. பின்னாடி போட்டா எவன் பார்ப்பான்?"

சொன்னேன். சீனர் தோளைக் குலுக்கிவிட்டு, காலால் மிதித்துச் சுழற்றுகிற அரத்தை எடுத்தார். பல்லை அராவி மெலிதாக்கி அதன்மேல் தங்க உறையை மாட்டுவது முறை. கருகின வாடை வந்தது. அப்பா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சீனர் கண்ணாடியைக் கொடுத்து, "பாகுஸ்," என்றார், அழகு என்று. அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முதலாளி தெரிந்தவர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

மறுநாள் காலை அப்பா சீவாளியை நனைத்து, செருகி, ஊதினார். முதலில் காற்றுதான் வந்தது. கெட்டிலில் வெந்நீர் கொதிப்பது போல ஒரு ஓசை. பிறகு சுரம் வந்தது. கீழே நடமாடும்வரை பழைய சுரம்தான். மேலே ஏறியதும் நிற்கவில்லை, வழுக்கி இறங்கியது. அப்பா நிறுத்தினார். மறுபடி ஏறினார். மறுபடி வழுக்கியது.

பல் சும்மா நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உதடு சீவாளியைக் கவ்வும்போது பின்னால் அது சுவராக நின்று தாங்கியிருக்கிறது. நாற்பது வயதுவரை அவர் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. நடக்கிறவன் குதிகாலை நினைக்கிறானா? இப்போது அந்தச் சுவர் ஓர் அரிசி கனத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

பங்குனி உத்திரம் அடுத்து வந்துகொண்டிருந்தது. சுவாமி ரதத்தில் ஏறி வீதி சுற்றுகிற அன்று, புறப்பாட்டின்போது மல்லாரி வாசிக்க வேண்டும். மல்லாரி இல்லாமல் ரதம் நகராது. அதில் தவறினால் கோயில் வேலை போகும். இடம் காலியானால் ஏறிக்கொள்ளப் பினாங்கில் ஒரு மேளம் காத்திருந்தது. வேலை போனால் கப்பல் ஏற வேண்டும். கப்பல் ஏறினால் என் பள்ளிக்கூடம் அதோடு சரி. இதையெல்லாம் யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஒரே அறையில் குடியிருக்கிற வீட்டில் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா இருக்கிற சீவாளிகளையெல்லாம் மாற்றிப் பார்த்தார். சிலதைச் சீவினார், அதில் துணியில் பொதிந்து வைத்திருந்த நல்லது ஒன்றும் போனது. தங்கத்தின்மேல் தேன்மெழுகைத் தடவிப் பார்த்தார், சீவாளி அதில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் சீனரிடமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உறையைக் கழற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னார். சீனர் தம் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். உள்ளே இருப்பது அவ்வளவுதான், கழற்றினால் ஒடிந்துவிடும், பிறகு அங்கே ஓட்டைதான் என்றார். அதை நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, வழியில் எனக்கு ஒரு கரும்புத் துண்டு வாங்கிக் கொடுத்தார்.

உத்திரத்தன்று சாயங்காலம் ரதத்துக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. மாடுகளின் கொம்பில் புது வர்ணம், கற்பூரப் புகை, ஈரத் தரையில் நசுங்கிய பூ. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புறப்படுமுன் சித்தப்பா தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் காதருகே சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"நீங்க ஏறும்போது கண்ணைக் காட்டுங்கண்ணே. நான் மூடிடுறேன்."

மூடினார். அப்பா மேலே போகும் ஒவ்வொரு இடத்திலும் சித்தப்பா இடியை இறக்கினார். சுரம் வழுக்குகிற இடத்தில் தவில்தான் கேட்டது. தவில் ஓய்கிற இடத்தில் அப்பா பத்திரமாகக் கீழே இறங்கியிருந்தார். சித்தப்பா தவிலடிக்க விரலில் மாட்டியிருந்த கூடுகள் உடைந்து பறந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. தீவட்டி வெளிச்சத்தில் அப்பாவின் வாய் மின்னியது. "பாருங்கடா, பல்லு எப்படி ஜொலிக்குது!" என்று முதலாளி பக்கத்திலிருந்தவர்களை இடித்து இடித்துக் காட்டினார். வேடிக்கை பார்த்த மலாய்க்காரப் பையன்கள்கூட "பாகுஸ்லா!" என்று கத்தினார்கள். ரதம் நகர்ந்தது. இதுவரை இப்படி ஒரு மல்லாரி கேட்டதில்லை என்று மறுநாள் கடைத்தெருவில் பேச்சு.

அம்மா மட்டும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளும் மேளக்காரர் வீட்டுப் பெண்தான்.

அந்தக் கிராணியை அதற்குப் பின் கோயிலில் சில வாரங்கள்தான் பார்த்தேன். தூணடி காலியாகிவிட்டது. பிறகு ஒரு நாள் காலை, அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது, ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தில் எதிரே வந்தார். அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"வித்துவான், உமக்குச் சுகமில்லையோ?"

"நல்லாத்தான் இருக்கேங்க ஐயா."

"வாயிலை புண் ஏதும் வந்ததோ? மேலை போகேக்கை சுருதி நிக்குதில்லை. என்ரை காதிலைதான் பிழையோ எண்டு திரும்பத் திரும்ப வந்து பாத்தனான்."

அப்பா என்னைப் பார்த்தார். சிரித்தார். சிரித்ததும் அது தெரிந்தது.

கிராணி குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "ஐயோ. ஆர் உமக்கு இந்த வேலை பாத்தது?"

"மரியாதை செஞ்சாங்க ஐயா."

அவர் ஊன்றியிருந்த குடையை எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "வடிவாப் படியும் பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னார். அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "ஒருத்தராவது கண்டுபிடிச்சாரே," என்றார்.

"அப்ப ஊருக்கே போயிடலாங்க," என்றாள் அம்மா.

"இந்த வாயை வச்சுக்கிட்டா? அங்க மாடு மேய்க்கிறவனும் சுருதி கேட்பான். முதல் நாளே எந்திரிச்சுப் போயிடுவான். இங்க கண்டுபிடிச்சவரு ஒருத்தரு, அவரும் இனிமே வர மாட்டாரு. பயமில்லாம ஊதலாம்." சோற்றைப் பிசைந்தார். "இவ வேற படிக்கிறா. அங்க எந்தப் பள்ளிக்கூடத்துல மேளக்காரன் பொண்ணைப் பெஞ்சில உட்கார வைப்பான்?"

அப்பா எனக்காகத் தம் வித்தையைக் கொடுத்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். நம் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா அந்த மாதிரிக் கட்டுரைக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவார். ஆனால் அது முழு உண்மை இல்லை. அவருக்கு ஊரைப் பற்றிய பயமும் இருந்தது. பயமும் நானுமாகச் சேர்ந்து அவரை இங்கே நிறுத்தி வைத்தோம்.

அதற்குப் பின்னான வருடங்களை நான் எப்படிச் சொல்வது? நாம் படித்தோம், வகுப்பு ஏறினோம், பரிசு வாங்கினோம். அப்பா கோயிலுக்குப் போய் வந்தார். வீட்டில் வாசிப்பதை விட்டுவிட்டார். மேலே போகத் தேவையில்லாத ராகங்களாகப் பார்த்து எடுத்தார், எடுத்ததையும் சுருக்கமாக முடித்தார். வாசிக்காத நேரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டே இருந்தார். தெருவில் யாராவது நிறுத்திப் பேசினால் தலையை மட்டும் அசைப்பார். தங்கப் பல் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது அப்படித்தான். உங்கள் அம்மாக்களும் அதைச் சொல்லியிருப்பார்கள். முதலாளி மட்டும் கடைசிவரை சந்தோஷமாக இருந்தார். கப்பலில் புதிதாக யாராவது வந்து இறங்கினால் கோயிலுக்குக் கூட்டி வருவார்.

"நம்ம வித்துவான். வித்துவானே, கொஞ்சம் சிரியும்."

அப்பா சிரிப்பார். எத்தனை தடவை அந்தப் பக்கமாக நடந்து போயிருக்கிறேன், அப்பா சிரிப்பதைப் பார்க்காதவள் போல.

ஏழாம் வகுப்பு முடிந்தது. அதற்கு மேலும் படித்தேன். நம் பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புக்கு என்னை டீச்சராக எடுத்துக்கொண்டார்கள்; இனி வீட்டுச் சோற்றுக்கு என் சம்பளம் போதும் என்று ஆனது. முதல் நாள் நான் கஞ்சி போட்ட சேலை கட்டி, குடை பிடித்து, எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு ஜாலான் புசார் வழியாக நடந்தேன். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வாயில் மடித்த துண்டு. துண்டில் சிவப்பு. அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய்க் கேட்டேன். சித்தப்பாதான் சொன்னார். காலையில் நான் தெருமுனை திரும்பியதும் அப்பா எழுந்து சீனர் கடைக்குப் போயிருக்கிறார். உறையைக் கழற்றச் சொல்லவில்லை. வேரோடு பிடுங்கச் சொல்லியிருக்கிறார். தங்கத்தைப் பொட்டலமாகக் கட்டி எண்ணெய்க்கடைக்குக் கொடுத்தனுப்பியும் ஆகிவிட்டது.

"பிரிச்சுப் பார்த்துட்டு மொதலாளி அப்படியே கல்லா மேல உட்கார்ந்துட்டாரும்மா," என்றார் சித்தப்பா. "எனக்கே பாவமாப் போச்சு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோயில் ஆள். சாயரட்சைப் பூசைக்கு நேரமாகிவிட்டது, வித்துவானைக் காணோம் என்று கூப்பிட வந்திருந்தார். உள்ளே வந்தவர் துண்டைப் பார்த்தார். அப்பா துண்டை எடுத்துவிட்டு, அவருக்கு நன்றாகத் தெரியும்படி வாயைத் திறந்து காட்டினார்.

"என்னங்க இது! பல்லு இல்லாம எப்படி ஊதுவீங்க?"

"அதான்," என்றார் அப்பா.